எங்கள் வரிசையில் இருந்து எழுந்த சத்தம்

1

திண்டுக்கல்லில் இருந்து வரும் போன்களில் இப்போதெல்லாம் முதல் கேள்வி இதுதான்: "ஒம் மக தாய்மாமனையே போலீஸ்ல புடிச்சுக் குடுத்துட்டாளாமே?" வேடசந்தூரில் இந்தக் கதை ஒரு விதமாக ஓடுகிறது, திண்டுக்கல் மேற்கு ரத வீதியில் வேறு விதமாக. ஒன்றில் என் மைத்துனன் பழனிவேலுக்கு விலங்கு மாட்டிவிட்டார்கள். இன்னொன்றில் அவனை அன்றைக்கே விமானம் ஏற்றிவிட்டார்கள். இரண்டும் நடக்கவில்லை. நாள் கிழமை தவறாமல் எதையும் எழுதி வைக்கிறவன் என்று என்னைக் கேலி செய்கிற நண்பர்களுக்காகவே, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். விலங்கைவிடக் கேவலமான ஒன்று நடந்தது. அதைச் செய்தது பழனி அல்ல, என் மகள் கயலும் அல்ல.

கயலுக்குப் பதினாறு வயது. இங்கிலாந்தின் நடுவே இருக்கும் இந்தச் சிறிய நகரத்திலேயே பிறந்தவள். பழனி என் மனைவி செல்வியின் தம்பி, வேடசந்தூரில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். அவன் இங்கே வந்தது ஊர் சுற்ற அல்ல, சீர் செய்ய.

கயல் பெரியவளானபோது ஊருக்குப் போய்ச் சடங்கு வைக்க எங்களால் முடியவில்லை. பள்ளி, என் வேலை என்று தள்ளிக்கொண்டே போனது. பிறகு கயலே, "எனக்கு வேணாம்பா, எல்லாரும் வந்து என்ன பாப்பாங்க" என்று முடித்துவிட்டாள். இங்கே அது பெரிய விஷயமில்லை. ஊரில் ஒருவனுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அக்கா மகளுக்குப் பச்சை ஓலையில் குடிசை கட்டாத மாமன், தட்டு தூக்காத மாமன் என்று சொந்தபந்தம் தன்னைப் பேசுவதாக நினைத்து நினைத்துப் பழனி புழுங்கிப் போயிருந்தான். முதல் தடவை அவனுக்கு விசா மறுத்தார்கள். ஊருக்குத் திரும்பிப் போவான் என்பதற்கு ஆதாரம் போதவில்லையாம். இரண்டாம் தடவை வீட்டுப் பத்திரம், ஆலையின் கடிதம், ஒற்றை மகனின் பள்ளிச் சான்றிதழ் வரைக்கும் இணைத்து வாங்கினான்.

வந்த மறுநாளே எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுகளை எல்லாம் கூடத்தில் பரப்பினான். பட்டுத் தாவணி, சங்கிலி, வளையல், பழம், மல்லிகைக்குப் பதிலாகக் கடையில் கிடைத்த ஏதோ வெள்ளைப் பூ. கயல் விளையாட்டுக் கால்சட்டைக்கு மேலேயே தாவணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். "ஆத்தா கயலு, மாமன் கடன் தீந்துச்சுத்தா" என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. கயலும் அழுதாள். அவளுக்கு அவன்மேல் உயிர். அதனால்தான் தன் தோழியின் இருக்கையைக் கேட்டு வாங்கி, தான் ஆதரிக்கும் கால்பந்து அணியின் ஆட்டத்தை அவனுக்குக் காட்ட அழைத்துப் போனாள்.

2

இந்த ஊர் மைதானத்தில் எனக்கும் கயலுக்கும் ஆட்டப் பருவம் முழுக்க அடுத்தடுத்து இரண்டு இருக்கைகள் உண்டு. எங்கள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர் டெஸ்மண்ட். ஸ்டூவர்ட் என்பது அவர்கள் வேலையின் பெயர். ஆரஞ்சு நிற மேலங்கி, காதில் ஒரு கருவி. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், அவருடைய பெற்றோர் ஜமைக்காவில் இருந்து வந்து குடியேறியவர்கள். இந்தப் பணியாளர்கள் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். எத்தனையோ கோல்களின் சத்தத்தைக் கேட்டவர் டெஸ்மண்ட், பார்த்தது குறைவு. இடைவேளையில் கயலிடம் வந்து, "கேப்டன், அது எப்படி விழுந்தது, சொல்லு" என்பார். அவள் கையை ஆட்டி ஆட்டி நடித்துக் காட்டுவாள்.

நாங்கள் போகத் தொடங்கிய முதல் பருவத்தில் எனக்குப் பின்னால் இருந்த ஒருவன், நான் எழுந்து நின்றதற்காக, என் தோலையும், தெருமுனை மளிகைக் கடையில் நிற்க வேண்டியவன் நான் என்பதையும் சேர்த்து ஒரு சொல் சொன்னான். சுற்றிலும் சிலர் சிரித்தார்கள். கயல் சின்னப் பிள்ளை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். டெஸ்மண்ட் படியேறி வந்தார். சத்தம் போடவில்லை. அவன் பக்கத்தில் குனிந்து, காதோடு ஏதோ சொன்னார். காதுக் கருவியில் வரிசை எண்ணும் இருக்கை எண்ணும் சொன்னார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவன் வெளியே நடந்தான். அதன்பிறகு அவர் எங்களிடம் வந்து, "உங்களுக்கும் பாப்பாவுக்கும் ஒன்றுமில்லையே?" என்று கேட்டார். அவன் சொன்னதைவிட அந்தக் கேள்விதான் என்னை அழவைத்தது.

அதை அப்போதே ஊர் நண்பர்களுக்கெல்லாம் பெருமையாக எழுதினேன். பழனிக்குப் போனில் சொன்னேன். "நான் மட்டும் அங்க இருந்துருந்தா அவன் வாயக் கிழிச்சிருப்பேன் மச்சான்" என்று கொதித்தான். உண்மையாகவே கிழித்திருப்பான்.

3

பழனியும் நானும் ஒன்றாகப் பந்தாட்டம் பார்த்து வளர்ந்தவர்கள். வெளியூர்க்காரர்களுக்குத் திண்டுக்கல் என்றால் பூட்டும் பிரியாணியும்தான். எங்களுக்கு அது பந்து ஊர். கோடையில் போட்டி வந்தால் மைதானத்தைச் சுற்றிச் சவுக்குக் கட்டை நட்டுக் கயிறு கட்டுவார்கள். சட்டைப்பையில் ரோஜா நிற அட்டை குத்திய கமிட்டி ஆட்கள் விசிலோடு நிற்பார்கள். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி யாரும் வராமல் பார்ப்பது அவர்கள் வேலை. ஆனால் அவர்கள் முகத்தை ஆட்டத்தின் பக்கம் வைத்துத்தான் நிற்பார்கள். கூட்டத்தின் கால் கோட்டைத் தாண்டினால் விசில் வரும். வாய் தாண்டுவதற்கு விசில் கிடையாது.

அங்கே பட்டப்பெயர் இல்லாமல் ஒருவன் ஆடவே முடியாது. குட்டையன், ஓட்டப்பல்லு, ஒத்தக்கண்ணு. இதெல்லாம் பாசம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். ஒரு வருடம் அரையிறுதியில், தோல் ஷாப்பு என்று நாங்கள் சொல்லும் தோல் பதனிடும் ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் குடும்பங்கள் இருக்கும் தெருவில் இருந்து ஒரு கோல்கீப்பர் வந்தான். அவன் கம்பத்துக்குப் பின்னால் நின்ற கூட்டம் முழுவதும் மூக்கைப் பிடித்துக்கொண்டது. அவன் பந்தை எடுக்கத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் பெரியவர், சின்னவர், சைக்கிளில் உட்கார்ந்து பார்த்தவர் எல்லோரும் ஒரே மாதிரி மூக்கைப் பிடித்தார்கள். ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. கமிட்டிக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே விசிலை விரலில் சுழற்றினார்.

அன்று யார் யார் கோல் அடித்தார்கள், எந்தப் பக்கத்தில் இருந்து பந்து வந்தது என்று இன்றும் என்னால் சொல்ல முடியும். அந்தக் கோல்கீப்பரின் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

4

சென்ற மாதத்து முதல் சனிக்கிழமை. மைதானத்தின் படியேறி, பச்சைப் பரப்பைப் பார்த்ததும் பழனி நின்றுவிட்டான்.

"யாத்தாடி, எம்புட்டுக் கூட்டம் மச்சான்! தைப்பூசத்துக்குப் பழனி மலையடிவாரம் கணக்கால்ல இருக்கு!"

கயல் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். முதல் பாதி முழுக்க அவளே அவனுக்கு விளக்கம். அவன் அவள் கழுத்துத் துண்டை வாங்கித் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டான். பின்வரிசைக்காரர்கள் அவனுக்கு ஒரு பாட்டின் முதல் அடியைச் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாம் நன்றாகவே போனது.

இரண்டாம் பாதியில் எதிரணியின் இடது ஓரக்காரன் எங்கள் பக்கமாக ஆட வந்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதுதான் இருக்கும். கறுப்பு இளைஞன், மின்னல் வேகம். எங்கள் தடுப்பாட்டக்காரரை இரண்டு தடவை ஏமாற்றிவிட்டு ஓடினான். அப்போது பழனி தொடையைத் தட்டிக்கொண்டு சொன்னான்:

"ஏலே, என்னடா இவன், சிறுமல மூணாவது வளைவுல ஒக்காந்துருந்தத எறக்கிவிட்ட மாதிரில்ல தாவுறான்! ஆராச்சும் ஒரு வாழப்பழத்த எறிங்கப்பா, அங்கிட்டுப் போயிருவான்!"

நான் சிரித்தேன். அடக்கிக்கொண்டு சிரித்த சிரிப்பு இல்லை, வாய்விட்டுச் சிரித்தேன். சிறுமலை ரோட்டின் வளைவுகளில் காத்திருக்கும் குரங்குகள், பஸ் ஜன்னல் வழியே பழம் எறியும் பயணிகள், அந்த 'அங்கிட்டு'. இத்தனை வருடங்களில் இந்த இருக்கையில் உட்கார்ந்து என் ஊர்ப் பேச்சில் ஒரு கிண்டலை நான் கேட்டதே இல்லை. என்ன சொன்னான் என்று மனது யோசிப்பதற்கு முன்னால் உடம்பு சந்தோஷப்பட்டுவிட்டது. இதை நியாயப்படுத்தச் சொல்லவில்லை. நடந்தது இப்படி.

என் சிரிப்பு அவனைத் தூண்டியது. அந்த இளைஞன் பந்தைத் தொட்டபோது பழனி குரங்குபோல் குரல் கொடுத்தான்.

"மாமா, அது பண்ணாத. இங்க அது ரொம்பத் தப்பு" என்றாள் கயல். மரியாதைப் பன்மை அவளுக்கு இன்னும் வராது. பழனி அதைக் கண்டுகொள்வதும் இல்லை.

"அட, வெளாட்டுக்குத்தான் ஆத்தா. நான் என்ன கல்லையா விட்டு எறிஞ்சேன்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டிய இடம் அது. "விடு கயல், மாமா ஊருக்குப் புதுசு" என்றேன்.

சற்று நேரத்தில் பந்து வெளியே போய், அந்த இளைஞனே அதை எறிய எங்களுக்கு நேர் எதிரே கோட்டருகில் வந்து நின்றான். பழனி எழுந்தான். இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொண்டு, இந்தத் தடவை உரக்க. முன்வரிசையில் சிலர் திரும்பினார்கள். அந்த இளைஞன் பந்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஒரு கணம் எங்கள் பக்கம் பார்த்தான். பிறகு எறிந்துவிட்டு ஓடினான்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் பெரிய திரையில் ஓர் அறிவிப்பு வரும்: இனவெறிப் பேச்சைக் கேட்டால், இந்த எண்ணுக்குச் செய்தி அனுப்புங்கள், உங்கள் பெயர் வெளியே வராது. கயல் கைப்பேசியை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பகுதி, எங்கள் வரிசை, மாமன் உட்கார்ந்திருந்த இருக்கையின் எண். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். திரையை மறைக்கவில்லை. அனுப்பினாள்.

டெஸ்மண்ட் வருவதற்குள் எனக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தது. பழனியிடம் சொல்லியிருக்கலாம். மகளின் கையைப் பிடித்திருக்கலாம். அந்த நேரத்தில் நான் பொய் தயாரித்தேன்.

அவர் படியேறி வந்து, வழக்கம்போலக் குனிந்து, பழனியிடம் அல்ல, என்னிடம் கேட்டார். "உங்கள் விருந்தாளி ஒரு சத்தம் எழுப்பியதாகப் புகார் வந்திருக்கிறது. அது என்ன சத்தம் என்று சொல்ல முடியுமா?"

நான் சொன்னேன். தென்தமிழ்நாட்டில் ஜல்லிக்கட்டு என்றொரு விழா உண்டு. காளையை உசுப்பேற்ற மக்கள் இப்படித்தான் குரல் கொடுப்பார்கள். மிகப் பழைய மரபு, எங்கள் இலக்கியத்திலேயே இருக்கிறது. நல்ல ஆட்டக்காரனைக் காளை என்று பாராட்டுவது எங்கள் வழக்கம். எல்லாம் நல்ல ஆங்கிலத்தில், தடங்கல் இல்லாமல். இத்தனை வருடம் படித்த புத்தகங்கள் அத்தனையும் ஓடி வந்து உதவின.

தன் காதால் எத்தனையோ தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கக்கூடிய மனிதர், நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கள் சொன்னதை அப்படியே பதிவு செய்யட்டுமா?"

"செய்யுங்கள்" என்றேன்.

கயல் எழுந்து நின்றாள். "அது பொய், டெஸ்மண்ட். மாமா செய்தது குரங்குச் சத்தம். செய்தி அனுப்பியது நான்தான்."

பழனி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது.

"என்னவாம் மச்சான்? கயலு என்ன சொல்லுது?"

டெஸ்மண்ட் என்னிடம், "அவர் என்னோடு வெளியே வர வேண்டும் என்று அவருடைய மொழியில் சொல்லிவிடுங்கள்" என்றார். எப்போதும் என் பேரைச் சொல்லிப் பேசுகிறவர், அன்று சொல்லவில்லை.

5

பழனியைத் தனியாக விட முடியாது, நானும் வெளியே போனேன். கயல் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் தூறலில் நின்றோம். தலையில் அந்தத் துண்டு இன்னும் இருந்தது. அவிழ்த்து மடித்து என் கையில் கொடுத்தான்.

"வெள்ளக்காரன் எவனாச்சும் போட்டுக் குடுத்துருந்தா வலிக்காது மச்சான். எம் புள்ள. நான் தூக்கி வச்சுச் சீர் செஞ்ச புள்ள."

"நீ செஞ்சது தப்புதான் மாப்ள."

"தப்புன்னா நீங்க ஏன் அந்தாள்ட்ட மாட்டுக் கதையச் சொன்னீங்க? நீங்களுந்தான சிரிச்சீங்க? நீங்க சிரிக்கவும்தான எனக்குக் குஷியாயிருச்சு?"

நான் அந்தத் துண்டை இன்னொரு தடவை மடித்தேன்.

மறுநாள் காலை செல்வி தம்பிக்கு இட்லி வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்து என்னிடம் மட்டும் கேட்டாள்: "அவன் மில்லுல பொழைக்கிறவன், அவனுக்குத் தெரியல. நீங்க புள்ளய அத்தன பேரு முன்னாடி பொய்க்காரியாக்கப் பாத்தீங்களே, உங்களுக்குமா தெரியல?"

பழனிக்கும் கயலுக்கும் நடுவே வீடு இரண்டாகப் பிரிந்தது. அவன் கூடத்தில் இருந்தால் அவள் மாடியில். ஊரில் இருந்து போன்கள் தொடங்கின. எல்லோருக்கும் ஒரே கோரிக்கை: "புள்ளய ஒரு சாரி சொல்லச் சொல்லுப்பா, மாமன்ட்டதான, என்ன கொறஞ்சு போயிரும்?" ஒரு தடவை நானும் மாடியேறிப் போய்க் கேட்டுவிட்டேன்.

"சொல்றேன்" என்றாள் கயல். "மாமா அந்த பிளேயருக்குச் சொல்லட்டும். நீ டெஸ்மண்டுக்குச் சொல்லு. அப்புறம் நான் மாமாவுக்குச் சொல்றேன்."

கீழே இறங்கி வந்துவிட்டேன்.

அணியை நடத்தும் கால்பந்து மன்றத்தின் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. விசாரணை நடக்கிறது. கயலுக்குப் பதினெட்டு ஆகாததால் அவள் வாக்குமூலம் கொடுக்கும்போது பெற்றோர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். பழனி ஊருக்குத் திரும்பும் நாளுக்கு முன்பே வாக்குமூல நாளும் வந்தது. நானும் கயலும் கிளம்பும்போது அவன் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், சத்தம் போட்டேன், ஆமா. அது தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லிரலாம். சிறுமல, வாழப்பழம்னு பேசுனதச் சொல்லீறாதீங்க. அதக் கேட்டா வேணும்னே சொன்னதாப் போயிரும். எம் மகன் இங்க மேல்படிப்புக்கு வரணும்னு உசுரா இருக்கான். அப்பன் பேரு போலீஸ்ல இருந்தா அவனுக்கு விசா தருவானா? காதுல விழுகலன்னு மட்டும் சொல்லிருங்க."

சரி என்றேனா, தலையை ஆட்டினேனா என்று நினைவில்லை. மறுக்கவில்லை, அது நிச்சயம்.

6

மைதானத்துக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. பாதுகாப்பு அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி, மென்மையாகப் பேசினார். மேசைமேல் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி. படிவத்தில், சம்பந்தப்பட்டவர் உங்களுக்கு என்ன உறவு என்ற கேள்விக்கு மூன்றே பதில்கள் இருந்தன: குடும்பத்தினர், நண்பர், அறிமுகமில்லாதவர். கயல் முதலாவதைத் தொட்டாள்.

பிறகு சொன்னாள். சத்தம் எத்தனை தடவை, எப்போது, கைகளை எப்படி வைத்திருந்தார், அந்த ஆட்டக்காரர் திரும்பிப் பார்த்தது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் சொல்லும் விதத்தில் என் பழக்கம் இருந்தது.

"சத்தத்துக்கு முன்னால் அவர் ஏதாவது சொன்னாரா?" என்று அதிகாரி கேட்டார்.

கயல் முதல் தடவையாகத் தயங்கினாள். "தமிழில் ஏதோ சொன்னார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை."

அவளுக்குக் கேட்டது. எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தவள் அவள். பழனி சொன்னதைச் சொன்னால் அடுத்த கேள்வி, உடன் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதாக இருக்கும். சொந்த மாமனைக் காட்டிக்கொடுத்த பிள்ளை என்று ஊர் பேசுகிறதே, அந்தப் பிள்ளை அப்பனை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதில் விழவில்லை என்பதை நான்தான் சொல்லப் போகிறேன் என்று நினைத்திருந்தேன். அவள் எனக்காக முந்திக்கொண்டாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்கள் கேட்டீர்களா?"

பழனியின் மகன் என் கண்முன் வந்தான். நல்ல பிள்ளை, வாரம் தவறாமல் எனக்குச் செய்தி அனுப்புகிறவன். சொன்னால் அவனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் கயலுக்கு என்ன ஆகும் என்பது தெரிந்தது. அவள் என்னைப்போல ஆவாள்.

"கேட்டேன்" என்றேன். "டெஸ்மண்டிடம் நான் சொன்னதும் பொய்."

சிறுமலை என்றால் என்ன என்று கேட்டார். எங்கள் ஊருக்குப் பக்கத்து மலை என்றேன். மலைக்கும் ஆட்டக்காரருக்கும் என்ன தொடர்பு என்றார். ரோட்டின் வளைவுகள், அங்கே உட்கார்ந்திருக்கும் குரங்குகள், பழம் எறியும் பழக்கம், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விளக்க வேண்டியிருந்தது. அவர் நடுவில் குறுக்கிடாமல் எழுதிக்கொண்டார்.

"அதைக் கேட்டு உடன் இருந்தவர்கள் யாராவது ஏதாவது சொன்னார்களா?"

"நான் சிரித்தேன்."

கயல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்களுக்கு அது வேடிக்கையாக இருந்ததா?"

"இருந்தது."

அவர் பேனாவை வைத்துவிட்டு, ஒலிப்பதிவுக் கருவியை என் பக்கம் நகர்த்தினார். மொழிபெயர்ப்பாளர் பின்னால் சரிபார்க்க வேண்டியிருக்கும், உங்கள் மைத்துனர் சொன்ன வார்த்தைகளை உங்கள் மொழியிலேயே, அவர் சொன்ன விதத்திலேயே ஒரு தடவை சொல்லுங்கள் என்றார்.

நான் சொன்னேன். 'ஏலே'யில் தொடங்கி 'அங்கிட்டுப் போயிருவான்' வரை, ஒரு சொல் விடாமல், பழனியின் அதே இழுப்போடு. அந்த அறையில் அது புரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். இருவரும் சிரிக்கவில்லை.